சத்தம் போடக் கூடாத வீட்டில் கற்ற சொற்கள்

தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நான் முப்பத்தோரு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்துவிட்டு ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி இரண்டாம் ஆண்டு வகுப்பில்தான் போனது. சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்குத் தமிழில் பொருள், அவ்வளவுதான் என் பாடம். உங்களுக்கு அறிவுரை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அறிவுரை கேட்டால் உங்களுக்குக் கொட்டாவி வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் செய்த ஒரு பெரிய தப்பையும், அதிலிருந்து தப்பித்த கதையையும் சொல்கிறேன். முடிவில் நாங்கள்தான் ஜெயித்தோம், ஆகவே பயப்படாமல் படியுங்கள்.

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணமும் இருந்தது. சிம்பாங் ரெங்கம் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கு யார் வந்தாலும், தலைமையாசிரியர் முதலில் அழைத்து வருவது என் வகுப்புக்குத்தான். நான் எங்கள் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவள். அந்தப் பழக்கத்தில் வகுப்பையும் ஒரு பாடகர் குழுவாகவே ஆக்கி வைத்திருந்தேன். நான் கையை உயர்த்தி "பில்லோ" என்பேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் "தலையணை" என்பார்கள். "மிரர்" என்றால் "கண்ணாடி". "லேடர்" என்றால் "ஏணி". கையை இறக்கினால் வகுப்பு கப்சிப். வந்தவர்கள் கை தட்டுவார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருமுறை கண் கலங்கியே போனார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன், உள்ளுக்குள் பூரித்துப் போவேன்.

பாடகர் குழுவில் ஒரு வசதி உண்டு. நாலு பேர் பாடாமல் வாயை மட்டும் அசைத்தாலும் சபையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அதே வசதி வகுப்பிலும் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி தர்ஷினி. எட்டு வயது, இரட்டைப் பின்னல், அச்சடித்த மாதிரி கையெழுத்து. தினமும் ஐந்து சொல் எழுதிப் போடுவேன். அவள் நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று கோடு போட்டு எழுதியிருப்பாள். ஆனால் தனியாகக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். அதட்டினாலும் தரை, கொஞ்சினாலும் தரை. மூன்று முறை வாய்மொழித் தேர்வு வைத்தேன். மூன்று முறையும் சுழி.

தமிழ் ஆசிரியையையும் மலாய் ஆசிரியரையும் கேட்டேன். அவர்கள் வகுப்பிலும் அதே கதைதான். உட்காரச் சொன்னால் உட்காருவாள், எழுதச் சொன்னால் எழுதுவாள், பேசச் சொன்னால் மட்டும் வாய் திறக்காது. பிறகு நானே முன்னின்று ஒரு பாரத்தை, அச்சடித்த படிவத்தை, எடுத்தேன். அவளைச் சிறப்புக் கல்வி வகுப்புள்ள வேறொரு பள்ளிக்கு மாற்றப் பரிந்துரைக்கும் பாரம் அது. வேனில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த வகுப்பைக் குறையாக நினைத்துவிடாதீர்கள். தேவைப்படும் பிள்ளைகள் அங்கே போய் நன்றாக மலர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். தேவைப்படாத பிள்ளையை அனுப்புவதுதான் கொடுமை. பாரத்தில் ஆங்கில ஆசிரியர் கருத்து என்ற இடத்தில், "சொற்களின் பொருள் தெரியவில்லை" என்று எழுதி முதல் கையெழுத்தை நான் போட்டேன். மற்ற இருவரும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அடுத்தடுத்துப் போட்டார்கள். மூத்த ஆசிரியையின் கையெழுத்துக்கு அப்படி ஒரு பலம் உண்டு. அதைப் போடும்போது கை கொஞ்சம் நடுங்குவது நல்லது; எனக்கு நடுங்கவில்லை.

பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி. மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்வி இலாகாவிலிருந்து அதிகாரி வருவதாக ஏற்பாடு. தர்ஷினியின் அப்பா முனியாண்டியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பேசியது காதில் விழவே இல்லை. கிசுகிசு என்று ஏதோ சொன்னார். பிள்ளை மாதிரியே அப்பாவும் என்று எரிச்சல்பட்டுக்கொண்டு, பிற்பகல் மூன்று மணிக்கு அவர்கள் தாமான் குடியிருப்புக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். நான் கேட்டைத் தட்டக் கை ஓங்கியதும் முனியாண்டி உள்ளேயிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்தார், அதுவும் நுனிக்காலில்.

"தட்டாதீங்க டீச்சர், தட்டாதீங்க. அவங்க தூங்குறாங்க."

"யாரு?"

"தர்ஷினி அம்மா. நைட் ஷிப்ட். ஸ்கூடாய் பக்கம் பேக்டரி. சாயங்காலம் பஸ் ஏறுனா மறுநாள் காலையிலதான் வருவாங்க. பகல்ல தூங்கலன்னா ராத்திரி மெஷின் முன்னால நிக்க முடியாது டீச்சர். ஒருக்கா தூங்கி விழுந்து கையில அடி பட்டுருச்சு. அதுலேருந்து வீட்டுல யாரும் சத்தம் போடுறதில்ல."

"எத்தன வருஷமா?"

"பாப்பா நடக்க ஆரம்பிச்சதுலேருந்து."

உள்ளே போனேன். டிவியில் படம் ஓடியது, சத்தம் இல்லை. நாற்காலிக் கால்களில் பழைய காலுறைகளை மாட்டியிருந்தார்கள். முனியாண்டி காலையிலேயே செம்பனைத் தோட்ட வேலையை முடித்துவிட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்தார். கரண்டி சட்டியில் படாமல் ஒரு மனிதர் கறி கிளறுவதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நான் பாரத்தை நீட்டினேன். விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "டீச்சர் சொன்னா சரிதான். எங்க போடணும்?" என்றார். நம் பெற்றோர்களில் பலர் இப்படித்தான். நாம் நீட்டும் தாளைப் படிப்பதில்லை, நம் முகத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். அது மரியாதை என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். உண்மையில் அது ஒரு சுமை. அவர்கள் படிக்காததையும் சேர்த்து நாம்தான் படிக்க வேண்டும்.

பேனா முனை தாளைத் தொடப்போன நேரத்தில் தர்ஷினி சமையலறையிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்தாள். கையில் என் ஆங்கில நோட்டு. சுவர்க் கண்ணாடியைத் தொட்டாள், நோட்டைப் பார்த்தாள். விளக்குமாற்றைத் தொட்டாள், நோட்டைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை.

"என்ன பண்றா?" என்று கிசுகிசுத்தேன்.

"என்னமோ விளையாட்டு டீச்சர். ஸ்கூல் விட்டு வந்ததும் நோட்ட எடுத்துக்கிட்டு வீடு பூரா சுத்துவா. எதயாச்சும் தொடுவா, நோட்டப் பாப்பா, அடுத்ததுக்குப் போயிருவா. சத்தம் இல்லாத விளையாட்டுதானேன்னு நானும் விட்டுட்டேன்."

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, காதோரம் வாயை வைத்து, "கோம்" என்றேன். அவள் ஒரு வினாடி என்னைப் பார்த்தாள். பூனை மாதிரி நடந்து போய்ச் சீப்பைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். "ஸ்பூன்" என்றேன். கரண்டி வந்தது. "நீடல்" என்றேன். அலமாரி மேல் இருந்த நூல் டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தாள், முனை என் பக்கம் திரும்பாமல் பார்த்துக் கொடுத்தாள். "பில்லோ" என்றேன்.

அவள் எதையும் கொண்டுவரவில்லை. என் விரலைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், அறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து காட்டினாள். உள்ளே அவள் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தர்ஷினி அவர் தலைக்குக் கீழே இருந்த தலையணையைச் சுட்டிக்காட்டிவிட்டு, தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள். இப்போது எடுக்க முடியாது, டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது, ஆனால் அந்த வீட்டில் அதற்கும் அனுமதி இல்லை. பொருள் தெரியவில்லை என்று எழுதினேனே! அவளுக்குப் பொருள் தெரியும். மற்ற இருபத்தோரு பேரையும்விட நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தார்கள். இவள் சொல்லைப் பொருளோடு தொட்டுப் பார்த்துப் படித்திருக்கிறாள். சொல்லவில்லை என்பது நான் கண்டது. தெரியவில்லை என்பது நானாகக் கட்டியது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கையே மாறிப்போக இருந்தது.

முனியாண்டி கையிலிருந்து பாரத்தை வாங்கிக்கொண்டேன்.

"என்ன டீச்சர், கையெழுத்து வேணாமா?"

"வேணாம். நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு வாங்க."

"அவங்க வேல முடிஞ்சு வர்ற நேரம் டீச்சர். தூங்கணுமே."

"ஒரு நாளு தூங்காம வரட்டும் தம்பி. இது அவங்க புள்ள விஷயம்."

வெளியே வந்து காரில் ஏறி, கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு, "அல்லேலூயா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். அந்த வீட்டில் அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் அதில் வந்தது. வீடு வந்து சேருவதற்குள் மகிழ்ச்சி வடிந்து பயம் வந்தது. அதிகாரி வருவதை நிறுத்த முடியாது. பாரத்தில் இருப்பது என் கையெழுத்து. கைதட்டல் வாங்கிய டீச்சர் தன் வாயால் தன் தேர்வு தப்பு என்று சொல்ல வேண்டும். அடுத்த நாள் விடுப்பு எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

காலையில் ஏழு மணிக்கே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அதிகம் பேசாத மனிதர். நான் மூச்சு விடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அப்படின்னா நீங்க எழுதுனது தப்பா டீச்சர்?"

"தப்பா இருக்கலாம் சார்."

"இருக்கலாம்னா நான் என்ன செய்யறது? அவங்க வேற வேலய விட்டுட்டு வர்றாங்க. தப்பா, இல்லயா?"

"தப்பு சார்" என்றேன்.

"அதயே அவங்ககிட்டயும் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

முப்பத்தோரு ஆண்டுகளில் மேலதிகாரி ஒருவர் எனக்குச் செய்த மிகப்பெரிய உதவி அதுதான். அவர் என் தப்பை மூடி மறைக்க முன்வரவில்லை. அதைத் திறக்கும்போது உடன் நின்றார். நாளைக்கு நீங்கள் தலைமையாசிரியர் ஆனால் இப்படி இருங்கள்.

பத்து மணிக்கு அதிகாரி தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். நடுவயதுப் பெண்மணி, மலாய்க்காரர். புவான், அதாவது அம்மையார் என்றுதான் நாங்கள் அவரை அழைத்தோம்; அவர் என்னை மலாய் வழக்கப்படி சிக்கு, அதாவது டீச்சர் என்று அழைத்தார். அவர் பேசியதைத் தமிழிலேயே சொல்கிறேன். பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சிக்கு, இது நீங்க போட்ட கையெழுத்துதானே?"

"ஆமா புவான். ஆனா நான் எழுதுனது தப்பு. பிள்ளைக்குப் பொருள் தெரியும்."

"எப்படித் தெரியும்னு சொல்றீங்க?"

"நான் சொல்ல மாட்டேன். அவளே காட்டுவா. மெதுவான குரல்ல ஒரு வார்த்த சொல்லுங்க, அந்தப் பொருளக் கொண்டுவரச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "போலே, செய்யலாம். ஆனா கேக்கறது நான். நீங்க அந்தச் சுவரப் பாத்துக்கிட்டு நிக்கணும், வாயத் திறக்கக் கூடாது" என்றார். நியாயமான ஆள். இத்தனை ஆண்டு வேலை பார்த்தவள் தண்டனை வாங்கிய மாணவி மாதிரி சுவரைப் பார்த்து நின்றேன்.

முதலில் அவர் தர்ஷினியை வரவழைத்து, தம் முறைப்படி படம் காட்டி வாய்விட்டுக் கேட்டார். ஐந்து படம். ஐந்துக்கும் மௌனம். பிறகு குரலைத் தாழ்த்தி, "புரூம்" என்றார். சின்னக் காலணிகள் நடந்தன. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த விளக்குமாறு வந்து மேசையில் உரசியது கேட்டது. "விண்டோ" என்றார். சன்னல் கம்பியில் விரல்கள் தட்டின. அப்படியே எட்டுச் சொற்கள். ஒன்பதாவதாக அவர் கொஞ்சம் குறும்பாகவே "லேடர்" என்றார். அந்த அறையில் ஏணி கிடையாது.

தர்ஷினி வெளியே போய்விட்டாள். ஒரு நிமிடம் ஆனது, மூன்று ஆனது, ஐந்து ஆனது. பயந்து ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். அப்போது வாசலில் தடால் என்று ஒரு சத்தம். என்னை அறியாமல் திரும்பிவிட்டேன். எங்கள் பள்ளித் தோட்டக்காரர் எட்டடி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அதன் முன்முனையைத் தர்ஷினி பிடித்திருந்தாள்.

"எங்க சார் சாத்துறது? பாப்பா சட்டயப் புடிச்சு இழுத்து, ஏணியக் காட்டி, ஆபீசக் காட்டுச்சு. அவசரம்போலன்னு தூக்கிட்டு வந்தேன்."

"அலாமாக்!" என்று மலாயில் வியந்து புவான் விழுந்து விழுந்து சிரித்தார். பத்தாவது சொல்லையும் தர்ஷினி விடவில்லை. பத்துக்குப் பத்து.

ஆனால் வேலை முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் புவான் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "கெட்டிக்காரி. நான் நம்பறேன். ஆனா என் தாள்ல வாய்மொழின்னு ஒரு கட்டம் இருக்கு. ஒரு சொல்லாவது என் காதுல விழணும் சிக்கு. விழாம நான் எப்படி எழுதறது?" அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாரத்தில் நான் செய்ததும் அதுதானே, காணாததை எழுதியது. அவர் அதைச் செய்ய மறுத்தார்.

அந்த நேரத்தில்தான் முனியாண்டியின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. தொழிற்சாலை பஸ் தாமதமாக வந்ததால், சாலைச் சந்திப்பிலேயே மனைவியை ஏற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார். அந்த அம்மாள் இன்னும் தொழிற்சாலை மேலங்கியைக் கழற்றவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. வாசற்படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தர்ஷினி அவரை ஏதோ அதிசயத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பள்ளிக்கூட நேரத்தில் அம்மா நின்றுகொண்டிருக்கிறார். கண் திறந்திருக்கிறது.

"ம்மா, நீ தூங்கலயா?" என்றாள். காற்று மாதிரி ஒரு குரல். அந்தப் பள்ளியில் அவள் பேசி நான் கேட்ட முதல் சொற்கள் அவை.

"இல்லம்மா. முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

புவான் சட்டென்று தலையணைப் படத்தை எடுத்து உயர்த்தினார். தர்ஷினியின் உதடு அசைந்தது. புவான் காதுக்குப் பின்னால் கையை வைத்துத் தலையை ஆட்டினார். கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா" என்றார் தாய்.

"பில்லோ" என்றாள், கொஞ்சம் கேட்டது.

"அம்மாதான் முழிச்சிருக்கேனே. பயப்படாத. இன்னும் சத்தமா."

"பில்லோ!"

அறை அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என் வகுப்பு. ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருந்த இருபத்தோரு பிள்ளைகளும், பழக்க தோஷத்தில், ஒரே குரலில் "தலையணை!" என்று பதில் கொடுத்தார்கள். நான் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன். புவானுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. தலைமையாசிரியர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

தம்பி தங்கைகளே, கோரஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் என் வகுப்பு பாடியது. ஆனால் முதலில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் போய் அந்தப் பொருளைத் தொட வேண்டும், கொண்டுவர வேண்டும், பிறகுதான் பாட்டு. என் வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது என்று சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த இன்னும் ஆறு பேரை அந்தச் சந்தைக்கடையில்தான் நான் கண்டுபிடித்தேன். வாய் திறக்காத பிள்ளையைப் பார்த்தால், அதன் வீட்டில் பகல் எப்படிக் கழிகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.

அன்றைக்குப் புவான் பேனாவை என்னிடம்தான் நீட்டினார். "தெரியவில்லை" என்ற என் வரியை என் கையாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை கை நடுங்கியது. தலைமையாசிரியர் அதன் கீழே தம் கையெழுத்தைப் போட்டார். தர்ஷினி எங்கள் பள்ளியிலேயே இருப்பாள் என்று முனியாண்டியிடம் சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்தது என்று நாங்கள் எழுந்தோம், ஆனால் தர்ஷினி விடவில்லை. புவானின் படக் கட்டைத் தானே எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, "மிரர்! ஸ்பூன்! நீடல்!" என்று முழங்கிக்கொண்டிருந்தாள். ஆறாவது படத்தில் திடீரென்று நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றோம். புவான்கூட மூச்சை அடக்கிக்கொண்டார். தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள், கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றார் முனியாண்டி. கிசுகிசுக்கவில்லை, எல்லோரையும் போல வாய்விட்டுச் சொன்னார்.

அவள் மூச்சை இழுத்து, "பிளாங்கெட்!" என்றாள், அறை நிறைய. அம்மா விழிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வசதியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார். தர்ஷினி எங்களைப் பார்த்து முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துவிட்டு, அடுத்த படத்தை எடுத்தாள்.